பெண் குருமாருக்கான உடைகள்: இங்கிலாந்துத் திருச்சபையில் எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்

இங்கிலாந்துத் திருச்சபையின் பெண் குருமாருக்கென்று தைத்து விற்கப்படும் உடைகளில் நல்லவை இன்று கிடைக்கவே செய்கின்றன. ஆனால் "பெண்களுக்கானது" என்ற சீட்டை மட்டும் நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான். அப்படி வரும் ரெடிமேட் சட்டைகளில் பல, ஆண்கள் சட்டையின் வெட்டையே சிறிதாக்கி, பட்டனைப் பக்கம் மாற்றி, மார்புக்கு இரண்டு டார்ட் (வடிவத்துக்காகப் பிடிக்கும் தையல் மடிப்பு) பிடித்தவை. தோள், கைக்குழி, கழுத்து மூன்றும் பழைய கணக்கிலேயே இருக்கும். சட்டையில் சிக்கனம் பிடிக்கலாம். கேசக் என்னும் நீண்ட அங்கியிலும் ஆல்ப் என்னும் வெள்ளை ஆராதனை அங்கியிலும் தாராளமாகச் செலவழிக்க வேண்டும். கோப் என்னும் சடங்குப் போர்வை, மைட்டர் என்னும் பிஷப் தொப்பி அணியும் உயரத்துக்குப் போனவர்களுக்குக் கடையைவிட நல்ல தையற்காரர்தான் முக்கியம். முழு மதிப்பீடும் இந்த மூன்று முடிவுகளைச் சுற்றித்தான்.

வெட்டு இப்படி இருப்பதற்குக் காரணம் தெரிந்ததே. அந்தச் சபையில் பெண்கள் குருவுக்கு ஒரு படி கீழான டீக்கன் ஆனது 1987ல். 1992 நவம்பர் 11 அன்று சபையின் சட்டம் இயற்றும் அவையான பொதுச் சினட் வாக்களித்த பிறகு, 1994 மார்ச் 12 அன்று பிரிஸ்டல் கதீட்ரலில் 32 பெண்கள் முதன்முதலாகக் குருப்பட்டம் பெற்றார்கள். அதுவரை தையல் நிறுவனங்களின் அலமாரியில் இருந்த வெட்டுத்தாள்கள் எல்லாமே ஆண் உடம்புக்குப் போட்டவை. விவியன் ஃபாலின் பணிவாழ்க்கையைப் பார்த்தாலே உடை எத்தனை முறை மாறுகிறது என்று புரியும். 1982ல் டீக்கனஸ் (பெண் ஊழியர்), 1987ல் டீக்கன், 1994ல் குரு, 2000ல் லெஸ்டர் கதீட்ரலின் தலைமைக் குருவான புரோவோஸ்ட், பிறகு அங்கேயே டீன் (அதே பொறுப்பு, வேறு பெயர்), 2012ல் யார்க் மின்ஸ்டர் டீன், 2018ல் பிரிஸ்டல் பிஷப். இந்த ஏணியில் ஒவ்வொரு படிக்கும் புது உடுப்பு உண்டு. ஆனால் அடியில் போடும் கேசக் நன்றாகத் தைக்கப்பட்டிருந்தால் பாதி ஏணிவரை அதுவே வரும்.

விதி என்ன கேட்கிறது என்பதையும் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. கேனன் (சபைச் சட்டம்) சி 27 அன்றாட உடையைப் பற்றியது: ஊழியத்தின் அடையாளம் தெரியும்படி இருக்க வேண்டும், அவ்வளவுதான், காலர் இத்தனை அங்குலம் என்றெல்லாம் அதில் இல்லை. கேனன் பி 8 ஆராதனை உடையைப் பற்றியது. சர்ப்ளிஸ் (கேசக் மீது போடும் தளர்வான வெள்ளை மேலங்கி) அல்லது ஆல்ப், அதன்மேல் ஸ்கார்ஃப் (கறுப்புத் தோள்பட்டை) அல்லது ஸ்டோல் (நிறத் தோள்பட்டை), கோப்பும் அணியலாம். 2017ல் சினட் ஒப்புதல் அளித்த திருத்தத்துக்குப் பிறகு, சபையின் சம்மதத்தோடு இவற்றைத் தவிர்க்கவும் இடமுண்டு. ஆகவே புதிதாகப் பட்டம் பெறுபவர் முதலில் விசாரிக்க வேண்டியது, தான் போகும் பேரிஷ் என்னும் பங்குச் சபையின் பழக்கத்தை. மெழுகுவர்த்தியும் சாம்பிராணியுமாக இருக்கும் சபைக்கு ஆல்பும் நாலு நிற ஸ்டோலும் வேண்டும். கிதாரும் திரையுமாக இருக்கும் சபைக்கு ஒரு சர்ப்ளிஸ் இருந்தாலே வருடம் ஓடிவிடும்.

இனி சட்டை. குருமார் அன்றாடம் போடும் கிளெர்ஜி ஷர்ட்டில் இரண்டு குடும்பம். ஒன்றில் மடிப்புக் காலரின் முன்னால் ஒரு சின்ன சந்து இருக்கும். அதில் வெள்ளை பிளாஸ்டிக் பட்டையைச் செருகிக்கொள்ளலாம். இன்னொன்றில் மடிப்பே இல்லாத கழுத்துப்பட்டி. அதன்மேல் முழு வளையமாக ஒரு வெள்ளைக் காலரை முன்னும் பின்னும் ஸ்டட் என்னும் கழற்றும் பட்டன் போட்டு மாட்டுவார்கள். பெண்களுக்கு எது சிறந்தது என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. வேலை எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தது அது.

செருகு காலரின் சௌகரியம் பெரியது. பள்ளிக்கூடத்திலிருந்து மருத்துவமனைக்கும் அங்கிருந்து மயானத்துக்கும் ஓடும் நாளில், வழியில் பட்டையை உருவிப் பையில் போட்டுக்கொள்ளலாம். கோளாறு இரண்டு. முதலாவது, பட்டை மேலே ஏறித் தாடையில் இடிப்பது. சந்து அகலமாகவும் பட்டை குட்டையாகவும் இருந்தால் இப்படி ஆகும். பட்டை சந்துக்கு இருபுறமும் காலருக்குள் நன்றாக நீண்டிருந்தால் அசையாது. கடையில் பட்டையைச் செருகி, தலையைக் குனிந்து மார்பைப் பார்த்து, பிறகு இரண்டு தோளையும் மாறி மாறிப் பாருங்கள். நிமிரும்போது பட்டை தானாகப் பழைய இடத்துக்கு வந்தால் சட்டை தேறியது. இரண்டாவது கோளாறு, பட்டை தொலைவது. இதற்கு மருந்து, ஒரு டஜன் வாங்கிப் பைபிள் உறையிலும் கார் டாஷ்போர்டிலும் சாக்ரிஸ்டி (ஆலயத்தில் உடை மாற்றும் அறை) இழுப்பறையிலும் போட்டு வைப்பது. அவசரத்துக்கு, பாத்திரம் தேய்க்கும் திரவம் வந்த வெள்ளை பாட்டிலை வெட்டிப் பட்டையாக்குவது அங்கே தலைமுறை தலைமுறையாக நடக்கும் வைத்தியம். தூரத்திலிருந்து வித்தியாசம் தெரியாது.

முழுக் காலர் பார்க்கக் கம்பீரம். டீன், ஆர்ச்டீக்கன் (பிஷப்புக்கு நிர்வாகத்தில் உதவும் மூத்த குரு) போன்றவர்கள் சடங்கு நாட்களில் இதையே விரும்புவார்கள். இங்கேதான் அளவுச் சிக்கல் பெரிதாகிறது. காலர் அரை அங்குல வித்தியாசத்தில் விற்கப்படுகிறது. உயரம் ஒன்று, ஒன்றேகால், ஒன்றரை அங்குலம் என்று வரும். பெண்களின் கழுத்து பலருக்கு 13, 13½ அங்குலம்தான். ஆண்கள் சட்டையின் கழுத்துப்பட்டி அதற்குமேல்தான் தொடங்கும். அரை அங்குலம் பெரிய பட்டியில் சிறிய காலரை மாட்டினால் துணி சுருங்கி முன்னால் மடிப்பு விழும். பெரிய காலரை மாட்டினால் பக்கவாட்டில் ஒரு விரல் நுழையும் இடைவெளி தெரியும், திரும்பும்போது காலர் நிற்கும், கழுத்து மட்டும் திரும்பும். கழுத்து குட்டையானவர்கள் ஒன்றரை அங்குலத்தைத் தொடவே வேண்டாம். ஒரு அங்குலமே போதும். பின் ஸ்டட்டின் தலை தட்டையாக இருக்கட்டும். உருண்டைத் தலை, கொண்டை போட்டவர்களின் முடியில் சிக்கும், நாற்காலியில் சாயும்போது பிடரியில் குத்தும்.

காலரைவிட மோசமான குறை மார்பில் இருக்கிறது. கைகளை விரித்து ஆசீர்வதிப்பதும், திருவிருந்துப் பாத்திரத்தை உயர்த்துவதும் இந்த வேலையின் அன்றாட அசைவுகள். அப்போது மார்புக்கு நேராக இரண்டு பட்டன்களுக்கு நடுவில் துணி வாய் பிளக்கும். சட்டை சிறியதாக இருப்பதால் மட்டும் வரும் பிரச்சினை இல்லை இது. பட்டன்கள் கழுத்திலிருந்து சம இடைவெளியில் வைக்கப்படுவதால், மார்பின் மிக உயர்ந்த இடத்தில் பட்டன் விழாமல் அதற்கு மேலும் கீழும் விழுவதே காரணம். பெரிய அளவு வாங்கினால் பிளவு மூடும், ஆனால் தோள் தொங்கும், கழுத்து லூஸாகும், காலர் கதை மறுபடி தொடங்கும். சரியான தீர்வு, மார்பின் உச்சத்தில் ஒரு பட்டன் இருக்கும்படி அடுக்கி வைத்த சட்டை. அது கிடைக்காவிட்டால் உள்பட்டியில் ஒரு டிச் பட்டன் தைத்துக்கொண்டால் போதும். ஐந்து நிமிட வேலை. பட்டனை மறைக்கும் மூடிய பட்டி வைத்த சட்டைகள் அழகாக இருந்தாலும் பிளவைத் தடுப்பதில்லை, மறைக்கப் பார்க்கின்றன. சோதனை எளிது: கடையில் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கண்ணாடியைப் பக்கவாட்டில் பாருங்கள். அப்போதே சட்டை இடுப்பிலிருந்து வெளியே வருகிறதா என்பதும் தெரிந்துவிடும்; வருகிறதென்றால் இரண்டு அங்குலம் நீளம் போதவில்லை.

பின்னலாடைத் துணியில் வரும் மேல்சட்டைகளைச் சிபாரிசு செய்ய மனம் வரவில்லை. முதல் மாதம் சுகமாக இருக்கும். ஆனால் கழுத்துப்பட்டிக்குள் கேன்வாஸ் வைக்காமல் தைத்திருந்தால், விறைப்பான பிளாஸ்டிக் பட்டை இழுபடும் துணியைத் தள்ளித் தள்ளி, சந்து வாய் அகன்றுவிடும். பட்டியை இரண்டு விரலால் மடக்கிப் பாருங்கள், உள்ளே விறைப்பு தட்டுப்படாவிட்டால் வைத்துவிட்டு வந்துவிடலாம். காலரோடு தைத்த உடுப்புகளில், அதாவது முழங்கால் வரை வரும் கவுன்களில், பலர் மறந்துவிடும் ஒன்று ஒலிபெருக்கி. ரேடியோ மைக்கின் பெட்டியை மாட்டப் பெல்ட் இல்லை, பாக்கெட் இல்லை. பின்கழுத்தில் மாட்டினால் காலர் பின்னால் இழுபடும். பக்கத் தையலில் ஆழமான பாக்கெட்டும், அதன் உள்ளே வயர் போக ஒரு சின்னத் துளையும் இருந்தால் அந்த உடுப்பு வாங்கத் தகுந்தது.

நிறத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. கறுப்பு, சாம்பல், நீலம், பச்சை, பூப்போட்டது வரை பெண் குருமார் அணிகிறார்கள், தடையில்லை. ஆனால் ஊதா பிஷப்புக்கு உரியதாக வழக்கில் நிலைத்துவிட்டது. இணையத்தில் நாவற்பழ நிறம், திராட்சை நிறம் என்று பெயர் போட்டு விற்பதை ஒரு இளம் கியூரேட் (உதவிக் குரு) வாங்கிப் போட்டுக்கொண்டு போனால், நாள் முழுக்க விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நேரிடும். துணி மாதிரியைத் தபாலில் வரவழைத்துப் பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகு வாங்குங்கள்.

கர்ப்ப காலத்துக்கு என்று தனிச் சட்டை தேடி அலைய வேண்டாம். தெரிவு குறைவு, போடும் மாதங்களும் குறைவு. காலரோடு ஒரு துணி மார்பு மறைப்பாகத் தொங்கும் ஸ்டாக் ஒன்றை வாங்கி, சாதாரணக் கர்ப்பகால மேலாடை மீது அணிந்து, மேலே கார்டிகன் போட்டால் காரியம் நடக்கும். கார்டிகனைக் கழற்ற முடியாது என்பது மட்டும்தான் குறை. மாதவிடாய் நிற்கும் வயதில் வெப்பம் பொங்கும் பிரச்சினைக்கும் இதே ஸ்டாக்தான் கைகொடுக்கிறது. சட்டை, கேசக், ஆல்ப், சேசபிள் (திருவிருந்துக்கு எல்லாவற்றுக்கும் மேலே போடும் அங்கி) என்று நாலடுக்கு அணிபவர் கேசக்குக்குள் முழுச் சட்டையைத் தவிர்த்து, கழுத்தை மட்டும் சுற்றும் பருத்தி ஸ்டாக் போட்டால் ஒரு முழு அடுக்கு குறையும். மூத்த பதவிக்கு வரும் பெண்களில் பலர் அந்த வயதில்தான் இருக்கிறார்கள். உடை செய்பவர்கள் இதை விளம்பரத்தில் ஒரு வரிகூடச் சொல்லாதது வருத்தம்தான்.

கேசக்கில் இரண்டு வெட்டு. சாரம் (Sarum) என்ற பெயருள்ள வெட்டு இரட்டை மார்பு கொண்டது. ஒரு பக்கம் மடிந்து தோளிலும் இடுப்பிலும் பட்டன் விழும். மற்றது நேர் வரிசை பட்டன் வெட்டு. ஆங்கிலிக்கன் மரபில் அதற்கு 39 பட்டன், சபையின் 39 கோட்பாட்டு விதிகளை (Thirty-Nine Articles) நினைவூட்ட. பெண் உடம்புக்கு என் ஓட்டு சாரம் வெட்டுக்கு. மடிந்து விழும் துணி மார்பில் பிளவு காட்டாது, எடை ஏறி இறங்கினால் இடுப்புப் பட்டனை ஓரிரு அங்குலம் நகர்த்திக்கொள்ளலாம். நேர் வெட்டு வேண்டுமென்றால் தோளிலிருந்து இடுப்பு வழியாக விளிம்பு வரை நீளும் தையல் கொண்டதாகக் கேளுங்கள். வெறும் டார்ட் மட்டும் பிடித்தது வயிற்றில் கூடாரம் போல நிற்கும். எந்த வெட்டானாலும் மார்பின் நடுவில் ஒரு சிறு பட்டன் தைத்திருக்க வேண்டும். ஹூட் என்னும், பல்கலைக்கழகப் பட்டத்தைக் காட்டி முதுகில் தொங்கும் துணியின் வளையத்தை அதில் மாட்டாவிட்டால், ஹூட் பின்பாரத்தில் இழுத்துத் தொண்டையை நெரிக்கும்.

அளவு கொடுக்கும்போது மார்பு, இடுப்பு, இடுப்பின் கீழ்ச்சுற்று மட்டும் போதாது. பிடரி எலும்பிலிருந்து இடுப்பு வரை, பிடரியிலிருந்து விளிம்பு வரை, பிடரியிலிருந்து தோள் வழியாக, முழங்கையை மடக்கிய நிலையில், மணிக்கட்டு வரை என்று மூன்று நீளமும் வேண்டும். ஆராதனையில் போடும் காலணியோடு நின்று அளவெடுக்க வேண்டும். விளிம்பு எங்கே நிற்க வேண்டும் என்பதில் கடைக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள். தரையை உரசும் நீளம் கண்ணாடியில் அழகு. பீடத்தின் படியில் ஆபத்து. இரண்டு கையிலும் பாத்திரமோ புத்தகமோ இருக்கும்போது, பாவாடையைத் தூக்கிப் பிடிக்கக் கை கிடையாது. முழங்காலிட்டு எழும்போதும் அப்படியே: முன்விளிம்பு கால்விரலுக்கடியில் சிக்கினால், எழ எழ உடை கழுத்தை முன்னால் இழுத்துவிடும். முன்பக்கம் தரையிலிருந்து மூன்று அங்குலம், பின்பக்கம் இரண்டு. இந்தச் சின்னச் சரிவைத் தையற்காரரிடம் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் ஒரே உடையாக்கிய கேசக்-ஆல்புக்கும் இதே கணக்கு. அளவெடுத்துத் தைத்த கேசக் பல நூறு பவுண்டு ஆகும். உறுத்தும் தொகைதான். ஆனால் ஜனவரி மாதத்தில் மயானக் காற்றில் அரை மணி நேரம் நிற்பவருக்குக் கம்பளி கலந்த கேசக் தரும் சூட்டை மலிவான பாலியெஸ்டர் தராது. கோடைக்கு மெல்லியது ஒன்று பின்னால் வாங்கிக்கொள்ளலாம்.

சர்ப்ளிஸ் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தொங்கு கை மிக நீளமாக இருந்தால் மெழுகுவர்த்தியில் படும், ஆகவே அளவாக.

ஸ்டோல்தான் எதிர்பாராத தலைவலி. பொதுவாக ஒரு பக்கம் 50 முதல் 55 அங்குலம் வரை நீண்டிருக்கும்; ஐந்தடி உயரப் பெண்ணுக்கு அது விளிம்பையே எட்டிவிடும். சரிந்த தோள் உள்ளவர்களுக்கு, வழுவழுப்பான ஆல்ப் மீது பட்டு ஸ்டோல் நிற்காது. ஒரு பக்கம் இறங்கிக்கொண்டே போகும். நுனியில் தங்க நூல் வேலைப்பாடு கனமாக இருந்தால் இன்னும் மோசம். பின்கழுத்தில் உள்பக்கமாக ஒரு சிறு துணி வளையம் தைத்து ஆல்பின் பட்டனில் மாட்டிக்கொள்வதும், மார்புக்கு நேராக இரு பக்கத்தையும் மெல்லிய சங்கிலியால் இணைப்பதும் நல்ல வழிகள். டீக்கனாக இருக்கும் முதல் வருடத்தில் இடத்தோளிலிருந்து குறுக்காக அணிய வேண்டும். இதற்கென்று தனி ஸ்டோல் வாங்கத் தேவையே இல்லை. குருவின் ஸ்டோலையே வாங்கி, இடுப்புப் பக்கத்தில் நாலு பெரிய தையல் போட்டுச் சேர்த்துக்கொண்டால், அடுத்த வருடம் பிரித்துவிடலாம்.

மேல் பதவிகளுக்கு வருவோம். 1996ல் ஜூடித் ரோஸ் டன்பிரிட்ஜின் ஆர்ச்டீக்கன் ஆனபோது, அந்தப் பதவியில் அமர்ந்த முதல் பெண் அவர். ஆர்ச்டீக்கனின் வேலையில் கட்டடம் பெரிய பங்கு: கூரை ஒழுகுகிறதா, மணிக்கூண்டு ஏணி உறுதியா என்று ஏறிப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்குச் செருகு காலர் சட்டையும் ஆழமான பாக்கெட் வைத்த கால்சட்டையும்தான் சரி. முழுக் காலரைப் பதவியேற்பு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். கேசக்குக்குச் சிவப்பு அல்லது ஊதா ஓரப் பைப்பிங் சேர்ப்பது வழக்கம். எந்த நிறம் என்பது இடத்துக்கு இடம் மாறும் என்பதால், கதீட்ரலில் கேட்காமல் ஆர்டர் கொடுக்காதீர்கள். பழைய கறுப்பு கேசக் நல்ல நிலையில் இருந்தால் அதற்கே பைப்பிங் வைத்துத் தரும் தையற்காரர்கள் உண்டு. புதிது வாங்கும் செலவில் சிறு பங்கே ஆகும்.

டீன் ஆனவருக்குக் கோப் பெரும்பாலும் கதீட்ரலின் சொத்தாகவே வரும். பழைய பட்டு, பழைய தையல், ஆறடி மனிதருக்கு வெட்டியது. கோப் அரைவட்டம், பிடரியிலிருந்து விளிம்பு வரை 58 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தடி இரண்டங்குலப் பெண்ணின் பிடரி தரையிலிருந்து ஏறக்குறைய 53 அங்குலம்தான். மீதி ஐந்து அங்குலம் தரையில் இழுபடும். பின்னால் வருபவர் மிதிப்பார். வெட்டக் கூடாது, அது அடுத்த டீனுக்கும் சேர்ந்த உடைமை. முதுகில் தொங்கும் அலங்கார ஹூட்டின் அடியில் துணியைக் கிடைமட்டமாக மடித்து, உள்துணியில் மட்டும் ஊசி போகும்படி பெரிய தையலால் பிடித்தால் மடிப்பு வெளியே தெரியாது, பட்டும் கெடாது. ஊக்குக் குத்துவது உதவாது, துரு விட்டுப் பட்டுத் துணியைத் தின்றுவிடும். அடுத்து மோர்ஸ் என்னும் மார்புக் கொளுக்கி. ஆண் மார்பில் தட்டையாக அமர்வது பெண்ணுக்குத் துருத்திக்கொண்டு நிற்கும், கோப் பின்னால் சரிந்து கழுத்தில் ஏறும். மோர்ஸை இரண்டு அங்குலம் மேலே மாட்ட ஒரு உள்கொக்கியும், தோளில் கேசக்கோடு பிணைக்க இரண்டு நாடாவும் வைத்தால் எடை தோளுக்கு மாறிவிடும்.

2015 ஜனவரி 26 அன்று யார்க் மின்ஸ்டரில் லிபி லேன் பிஷப்பாக அபிஷேகம் பெற்றதிலிருந்து ஊதாச் சட்டையும் பெண் வெட்டில் வேண்டியதாயிற்று. 2018ல் லண்டன் பிஷப்பாகப் பொறுப்பேற்ற சாரா மலாலி, கேன்டர்பரி ஆர்ச்பிஷப்பாக வருவார் என்று 2025 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. தேவை அத்தனை உயரம்வரை போய்விட்டது. தயாரிப்பு அதே வேகத்தில் போகவில்லை. சின்ன உதாரணம்: மார்புச் சிலுவை. பிஷப்புகள் அன்றாட உடையில் சங்கிலி மட்டும் தெரியும்படி சிலுவையை இடது மார்புப் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொள்வார்கள். பெண்கள் சட்டையில் பலவற்றுக்கு அந்தப் பாக்கெட்டே கிடையாது. சிலுவை ஊசலாடும், குனிந்தால் பாத்திரத்தில் மோதும், காலரில் மாட்டிய மைக்கில் உரசி ஒலிபெருக்கி முழுக்கக் கரகரக்கும். ஊதாச் சட்டை ஆர்டர் கொடுக்கும்போது பாக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். மார்பின் உச்சத்துக்கு மேலே, சற்றுச் சாய்வாக வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் பாக்கெட்டுக்குள் சிலுவை தலைகீழாகப் புரளும்.

பிஷப் அணியும் வெள்ளை மேலங்கியான ரோஷெட்டின் கைகள் மணிக்கட்டில் சுருக்கி, பட்டை கட்டி முடியும். திடப்படுத்தல் ஆராதனையில் தலைகளில் கைவைத்து எண்ணெய் பூசும் பிஷப்புக்கு அந்தச் சுருக்கம் அதிகமாகத் தொங்கினால் எண்ணெய்க் கறை நிச்சயம். கழற்றி மாற்றக்கூடிய மணிக்கட்டுப் பட்டை உள்ளதை வாங்குங்கள். மைட்டர் வாங்கும்போது, ஆராதனைக்குப் போடும் அதே கொண்டையோடு தலையை அளக்க வேண்டும். ஒரே ஆராதனையில் அதைப் பல முறை கழற்றி மாட்டுவார்கள், ஒவ்வொரு முறையும் ஹேர்பின் இழுபடும். உள்வளையத்தில் வெல்வெட் பட்டை வைத்தது வழுக்காது, முடியையும் பிடித்திழுக்காது. ஆயர் கோல் பல துண்டுகளாகக் கழற்றி மாட்டும்படி கிடைக்கிறது. குள்ளமானவர்கள் நடுத்துண்டைக் குட்டையாகச் செய்து வாங்கினால், வளைந்த தலை மைட்டரை இடிக்காது.

பராமரிப்பு எளிது. துவைக்கும் முன்னும் தேய்க்கும் முன்னும் காலர் பட்டையை உருவிவிடுங்கள். இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் பிளாஸ்டிக் நெளிந்தால் நிமிராது. கறுப்பு பாலிகாட்டனை உட்புறம் திருப்பி 40 டிகிரிக்கு மேல் போகாமல் துவைத்தால் வெளுப்பது தாமதமாகும். ஆல்பில் திருவிருந்து ரசம் சிந்தினால் முதலில் குளிர்ந்த நீர், பிறகுதான் சோப்பு.

ஆர்டர் கொடுக்கும் நேரம் முக்கியம். டீக்கன், குருப் பட்டமளிப்புகள் பெரும்பாலும் ஜூன் கடைசியில் பேதுரு திருநாளை ஒட்டியும், சில செப்டம்பர் கடைசியில் மிகாவேல் திருநாளை ஒட்டியும் நடக்கின்றன. மே மாதம் ஆர்டர் கொடுப்பவருக்கு எல்லாத் தையலகமும் நிரம்பியிருக்கும். கிடைப்பது ரெடிமேட் மட்டுமே. மார்ச்சுக்குள் அளவு கொடுத்து, மே மாதம் ஒரு முறை போட்டுப் பார்த்து, திருத்தத்துக்கு மூன்று வாரம் விட்டுவையுங்கள். போட்டுப் பார்க்கப் போகும்போது ஆராதனைக் காலணி, மைக் பெட்டி, ஒரு கனமான புத்தகம் மூன்றையும் எடுத்துப் போங்கள். புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அங்கே இருக்கும் படிக்கட்டில் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.